இருபத்து நான்கு குண்டூசிகள்

ஜூன் 4, செவ்வாய்

குண்டூசி இருபத்து மூன்றுதான் இருக்கிறது. இருபத்து நான்கு இருக்க வேண்டும்.

மூன்று தடவை எண்ணிவிட்டேன். தெர்மோகோல் பலகையில் பதினாறு, டப்பாவில் ஏழு. காந்தத்தை நூலில் கட்டி மேஜையடி, பாயடி, கதவிடுக்கு எல்லாம் இழுத்துப் பார்த்தாயிற்று. பொடிசு தூங்குகிறாள். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், தூக்கத்திலேயே சப்புக்கொட்டினாள். பதினாலு மாதக் குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடிக்கிற தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விழுங்கியிருந்தால் அழுதிருக்க மாட்டாளா? சாயங்காலம் அழுதாளே. அது பசி அழுகை. பசி அழுகைதானா?

இவர் எழுந்து வந்தார். "என்னத்தத் தேடுற?" சொன்னேன். என்னைப் பார்த்தார். "உன் இடது தோள்ல என்னது அது?"

நைட்டியின் தோள்பட்டையில் நானே குத்திவைத்திருக்கிறேன். ஆலையில் வேலை பார்த்தபோது பழகியது.

24. சரி.

இனி தினமும் வேலை முடிந்ததும் எண்ணி இந்த நோட்டில் எழுதப்போகிறேன். எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.


ஜூன் 7, வெள்ளி

குண்டூசிக்காக எடுத்த நோட்டு. பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

ஆடை வடிவமைப்பு படித்தேன். நாலு வருஷம் ஒரு தையல் ஆலையில் பேட்டர்ன் வெட்டினேன். ஒரு சட்டைக்கு இருபத்தொரு துண்டு, காலருக்கு மட்டும் நாலு. நான் அட்டையில் வெட்டிக் கொடுப்பதை வைத்து ஆயிரம் சட்டை தைப்பார்கள். பிரசவ விடுப்பு முடிந்து போக வேண்டிய நாளில் பொடிசுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் காய்ச்சல் போய்விட்டது, என் தைரியமும் போய்விட்டது. அப்படியே நின்றுபோனேன்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பழைய சட்டைக்கவுன் ஒன்றின் துண்டுகளை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தேன். தையல் மெஷினை எடுத்தால் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடும். தாள் சத்தம் போடாது. பழுப்புத்தாள், கத்தரி, பசை, பசை காயும்வரை பிடித்துக்கொள்ளக் குண்டூசி. முடித்தபோது மேஜைமேல் உள்ளங்கை உயரத்தில் ஒரு கவுன் நின்றது. காலர், முன்பட்டி, கை மடிப்பு, எல்லாம் அளவு பிசகாமல். தொழில் மறந்துபோகவில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான் காரணம். கலை கிலை என்று ஒன்றும் இல்லை.

இப்போது ஆறு இருக்கின்றன. செருப்புப் பெட்டியில், அலமாரி உச்சியில்.

24. சரி.


ஜூன் 12, புதன்

மடிப்புப் பாவாடை நாலாவது தடவையாக வீண். மடிக்கிற இடத்தில் தாள் வெடித்துப் பல்லைக் காட்டுகிறது. அதே தாள், அதே கை. போன வாரம் கத்திபோல விழுந்த மடிப்பு இந்த வாரம் ஏன் இப்படி?

விடை பொடிசின் வாயிலிருந்து வந்தது. நான் வெட்டிப்போட்ட சின்னச் சதுரங்களை எடுத்துச் சப்பிச் சப்பித் துப்பியிருந்தாள். முதலில் ஓடிப்போய் வாயைத் துடைத்து, பசை படாத தாள்தானா என்று பார்த்து, நெஞ்சு அடங்கின பிறகுதான் துப்பினதைக் கவனித்தேன். ஒவ்வொன்றும் குழலாகச் சுருண்டு கிடந்தது. ஒரு முழுத் தாளை எடுத்து நாலு மூலையையும் நானே நக்கிப் பார்த்தேன். நாலும் ஒரே திசையில் சுருண்டன.

துணிக்குப் பாவும் ஊடும் உண்டு. அதைப் பார்க்காமல் வெட்டினால் சட்டை முறுக்கிக்கொள்ளும். நாலு வருஷம் சோறு போட்ட பாடம். தாளுக்கும் நெடுக்கு உண்டு, குறுக்கு உண்டு என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? நெடுக்கோடு மடித்தால் கத்தி மடிப்பு. குறுக்கே மடித்தால் வெடிப்பு; ஈரம் பட்டால் சுருண்டும் போகும்.

இனி வெட்டும்முன் தாள் மூலையில் ஒரு நக்கு. எந்தப் பக்கமாகக் குழல் ஆகிறதோ அதுதான் நெடுக்கு. ஐந்தாவது பாவாடை: முப்பத்திரண்டு மடிப்பு, ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். செய்தி கேட்டுக்கொண்டே.

24. சரி.


ஜூன் 18, செவ்வாய்

மாடிக்காரி வந்தாள். கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. கல்யாணம் ஆகி எட்டு மாதம். பெரிய கடை ஒன்றில் பரிசுப் பொருளுக்குத் தாள் சுற்றிக் கொடுக்கும் கவுண்ட்டரில் வேலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் மத்தியானத்துக்கு மேல்தான் கடை.

செருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இத நீங்களா பண்ணீங்க? இத்தன நாளா மேல படுத்துத் தூங்கிட்டிருந்திருக்கேனே. எனக்கும் சொல்லிக்குடுங்கக்கா."

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன். நாலு மாதத்தில் முதல் ஆளாக ஒருத்தி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். ஆறில் ஒரு பங்கு, கை இணைப்பது, கழுத்து வளைவில் கத்தரி போடுவது, பசையைத் தீக்குச்சி முனையில் எடுப்பது.

நெடுக்கு குறுக்கு மட்டும் சொல்லவில்லை. பொடிசு எழுந்துவிட்டாள், விட்டுப்போயிற்று. நிஜமாகவே விட்டுத்தான் போயிற்று.

24. சரி.


ஜூன் 21, வெள்ளி

பல் வருகிறது. ஒன்றும் செய்யவில்லை. 24.


ஜூலை 2, செவ்வாய்

மாடிக்காரி தன்னுடைய குண்டூசி டப்பாவோடு வந்தாள். பதினெட்டு, தலையில் கலர் மணி வைத்தது. "உங்களோடது கலந்துடக்கூடாதுல்ல, எலிக்குட்டிக்கு ஆபத்து." பொடிசை எலிக்குட்டி என்றுதான் கூப்பிடுவாள். பொடிசும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிறாள். நான் கூப்பிட்டால் யோசித்துத் திரும்புகிறாள்.

அளக்கவே மாட்டேன் என்கிறாள். கண்ணை இடுக்கிக்கொண்டு தாளைப் பார்ப்பாள், சர்ரென்று வெட்டுவாள். "கவுண்ட்டர்ல வரிசை நிக்கும்போது டேப் எடுத்தா அடிக்க வந்துருவாங்கக்கா" என்கிறாள். கடையில் மிஞ்சின தாளெல்லாம் இவளுக்குத்தான். தங்கப்பூ போட்டது, வெள்ளிக்கோடு போட்டது, மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. என்னிடம் பழுப்புத்தாள்.

இன்று ஒரு கவுன் முடித்தாள். தோள் ஏற்ற இறக்கமாக இருந்தது. இடுப்பு கோணல். ஆலையில் இதை யாரும் கையால்கூடத் தொட மாட்டார்கள். "இது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "யாரோடதுமில்ல, கவுன்" என்றேன். "போங்கக்கா. நேத்து ஒருத்தி வந்தா. புருஷனுக்கு வாட்ச் வாங்கிட்டு, சுத்திக் குடுங்கன்னுட்டு, நான் சுத்திட்டிருக்கும்போதே அவனோட போன்ல சண்ட போட்டுட்டு, வாட்ச்ச அங்கயே வச்சிட்டுப் போயிட்டா. பையத் தோள்ல மாட்டிட்டு இப்படித் திரும்பினா பாருங்க, அந்தக் கவுன்."

இவர் சாப்பிட வந்தவர் அதைப் பார்த்தார். சாதத்தைப் பிசைந்த கையோடு குனிந்து பார்த்தார். "கோவமா இருக்கு இது" என்று சிரித்தார்.

என்னுடையது ஏழும் பக்கத்திலேயே வரிசையாக இருந்தது. அதையும் பார்த்தார். "நீ பண்ணது நீட்டா இருக்கு."

நீட்டா. பாத்திரம் தேய்த்து அடுக்கி வைத்தால் சொல்கிற வார்த்தை.

24. அவளுடையது 18. சரி.


ஜூலை 9, செவ்வாய்

எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்.

நான் தாளின் மூலையை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்காரி கேட்டாள்: "ஏன்க்கா எப்பவும் பேப்பர நக்குறீங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அவளுடைய பாவாடை மடிப்பு அப்போதுதான் வெடித்திருந்தது, கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கேள்வியும் அவளே கேட்டுவிட்டாள், பதிலும் என் நாக்கு நுனியிலேயே இருந்தது. நிஜமாகவே நாக்கு நுனியில்.

"பழக்கம்" என்றேன். "பக்கம் திருப்புற மாதிரி ஒரு பழக்கம்."

இதை விட்டுப்போயிற்று என்று சொல்ல முடியாது.

24. 18. சரி. (என்ன சரி?)


ஜூலை 16, செவ்வாய்

அவளும் நக்குகிறாள்.

வெட்டுவதற்கு முன் மூலையில் ஒரு நக்கு, உடனே வெட்டு. சுருள்கிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. "நீங்க பண்றது எல்லாம் ஒழுங்கா வருது. ஒருவேள அதுலதான் ராசியோன்னு" என்று சிரித்தாள். பொட்டலம் சுற்றுகிற பழக்கத்தில் தாளை எப்போதும் குறுக்கேதான் போட்டு வெட்டுகிறாள்; மயில்கழுத்துத் தாளும் குறுக்கே வெட்டுப்பட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.


ஜூலை 20, சனி

நூலகத்துக்குப் போனோம். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. மாதம் ஒருவருடைய கைவேலையை வைப்பார்கள். போன மாதம் யாரோ சேர்த்த தீப்பெட்டிகள். செப்டம்பர் காலியாக இருக்கிறது என்று அறிவிப்பு போட்டிருந்தது. பத்து நாளாக அந்த அறிவிப்பை மனசுக்குள் மடித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் என் கவுன்கள் இருந்தால், கீழே ஒரு சீட்டில் என் பேர் இருந்தால், நான் ஆலையை விட்டு ஓடி வந்தவள் இல்லை, வேறு ஒன்றுக்கு வந்தவள் என்று ஆகும். அப்படித்தான் நினைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

குழந்தையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று மாடிக்காரியையும் கூட்டிப்போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

நூலகர் அம்மா என் ஏழையும் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்துப் பார்த்தார். மழைக்கோட்டு, நர்ஸ் அங்கி, பள்ளிச் சீருடை, முப்பத்திரண்டு மடிப்புப் பாவாடை. "அளவு கச்சிதமா இருக்கு. ரொம்பப் பொறுமை உங்களுக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த நேரம் பார்த்துப் பொடிசு சிணுங்கினாள். மாடிக்காரி தன் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் முன்னால் ஆட்டினாள். வெள்ளிக்கோடு போட்ட தாளில் ஒரு நீளக் கவுன். ஒரு கை முழங்கைவரை சுருட்டிவிட்டது, இன்னொரு கை இறங்கிக் கிடந்தது.

நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது என்னம்மா?"

"ஐயோ மேடம், இது பாப்பா வெளாட வச்சிருக்கேன். நீங்க அக்காவோடதப் பாருங்க."

"இது மாதிரி இன்னும் இருக்கா?"

பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. வரும் வழியெல்லாம் மாடிக்காரி சொல்லிக்கொண்டே வந்தாள், "ரெண்டு பேரும் சேந்து வைக்கலாம்க்கா, பாதிப் பாதி. மேடம்கிட்ட நான் பேசுறேன்." பிச்சை போடுகிறாளா என்று தோன்றியது. இல்லை, அவள் மனசில் அப்படி ஒன்றும் கிடையாது. அதுதான் இன்னும் எரிகிறது. "எனக்கு நேரமில்ல. நீயே வை" என்றேன். குரல் எப்படி இருந்ததோ, அவள் பொடிசை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பொடிசு அவள் தோளிலேயே தூங்கிவிட்டாள். இரண்டே நிமிஷம். என்னிடம் முக்கால் மணி நேரம் ஆகும்.


ஜூலை 21, ஞாயிறு

அவள் பத்தாவது பெயிலாகி ஒரு வருஷம் கழித்து எழுதிப் பாஸ் பண்ணினவள். நான் பட்டம் வாங்கினவள். இதை எழுதி என்ன ஆகப்போகிறது?


ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. நான் எதையும் வெட்டவில்லை. 24 அப்படியே டப்பாவில் இருக்கிறது, இருந்தாலும் எண்ணினேன்.

மாடிக்காரி மட்டும் வந்து செய்துகொண்டிருக்கிறாள். நூலகப் பெட்டிக்குப் பதினொன்று வேண்டும், ஐந்து ஆகியிருக்கிறது. மேலே வீட்டில் செய்யலாமே என்றால், "தனியா உக்காந்தா கை ஓடலக்கா" என்கிறாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்க்கிறேன். கண் எரிவதற்கு ஒரு காரணம் கையில் இருப்பது நல்லது.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று அழுதாள்.

ஒரு பெரிய பாவாடை, தங்கப்பூ போட்ட தாள். நாற்பது மடிப்பு வைக்க ஆசை. ஒன்பதாவது மடிப்பில் வெடித்தது. வேறு துண்டு. அதுவும் வெடித்தது. மூன்றாவதும். ஒவ்வொரு தடவையும் மூலையை நக்கிவிட்டுத்தான் வெட்டினாள், கோயிலில் கும்பிட்டுக்கொள்கிற மாதிரி. கடைசியில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

"என் கைக்கு ராசியில்லக்கா. உங்க கை படிச்ச கை. எங்கது பொட்டலம் கட்டுற கை."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி. எதற்குச் சொல்ல வேண்டும், எல்லாம்தான் அவளுக்குத் தானாக வருகிறதே, கண் அளவு, கலர், என் புருஷனின் சிரிப்பு, என் பிள்ளையின் தூக்கம், இது ஒன்று எனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொருத்தி.

காபி போட்டுக் கொடுத்தேன். காபி.

மடிப்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். பாவாடையை மடிக்காமல் குடைபோல விரித்து ஒட்டிவிட்டாள்.


செப்டம்பர் 1, ஞாயிறு

பெட்டியில் வைத்துவிட்டார்களாம். எல்லோரும் போனார்கள். எனக்குத் தலைவலி. தலைவலி என்று சொன்னதும் நிஜமாகவே வந்துவிட்டது.

இரண்டு நாளில் அத்தனையும் சுருண்டுவிடும். பெட்டிக்குள் பல்பு வேறு எரிகிறது. வெளியே மழை ஈரம். குறுக்கே வெட்டின தாள். எனக்குத் தெரியும்.

காத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால், விழுவதைப் பார்க்க. எழுதிவிட்டேன்.


செப்டம்பர் 10, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். பொடிசோடு, தனியாக. மாடிக்காரியிடம் சொல்லவில்லை.

சுருண்டுதான் இருந்தன. பதினொன்றும். நான் நினைத்தபடியே, தாள் குறுக்கே கிடந்ததால் பாவாடை விளிம்பெல்லாம் மேல்நோக்கி வளைந்து தூக்கிக்கொண்டிருந்தது. தங்கப்பூப் பாவாடை ஒரு பக்கம் முழங்கால்வரை எழும்பி நின்றது. மயில்கழுத்துக் கவுனின் விளிம்பு பின்னால் பறந்தது. சண்டைக்காரியின் கவுன் திரும்பின வேகத்தில் சுழன்றது. பெட்டிக்குள் காற்று அடிக்கிறது. மூடின கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு பெண்கள் எதிர்க்காற்றில் நடந்து போகிறார்கள்.

பக்கத்தில் ஒரு தபால்காரர் நின்றிருந்தார், தோளில் பையோடு. "காத்த எப்படிம்மா பண்ணியிருப்பாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான்தான் பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வகையில் உண்மை. நான் மறைத்து வைத்ததால் வந்த குறை அவளுக்கு அலங்காரமாகிவிட்டது. குழி வெட்டினேன், அதில் அவளுக்குத் தண்ணீர் ஊறிவிட்டது.

பொடிசு கண்ணாடியில் மூக்கை அழுத்தி "ஊ" என்றாள். காற்று ஊதுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து என் ஏழையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. பார்க்கப் பார்க்க, எல்லாம் கடை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி இருக்கின்றன. உள்ளே யாரும் இல்லை. முதல் தடவையாக எனக்கே தெரிந்தது. நீட்டாக இருக்கின்றன.


செப்டம்பர் 14, சனி

நூலகத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொன்னார்களாம். "நீங்க வந்தாத்தான் எனக்குக் கை நடுங்காதுக்கா" என்று இழுத்துப் போனாள். பின்வரிசையில் பொடிசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். "மொதல்ல மூலைய ஒரு நக்கு நக்கணும்" என்றாள். பன்னிரண்டு நாக்கும் வெளியே வந்தன. ஒரு பெண் பிள்ளை, பத்து வயசிருக்கும், நக்காமல் கேட்டாள்: "ஏன் நக்கணும்?"

மாடிக்காரி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியாது. எங்க அக்கா அப்படித்தான் பண்ணுவாங்க. அதோ உக்காந்திருக்காங்களே, அவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தது. அவங்க காரணம் இல்லாம ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

எல்லாத் தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. பன்னிரண்டு பிள்ளைகள், கையில் ஈரமான தாள். அந்தத் தாள்களின் மூலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டிருந்தன, எல்லோர் கண் முன்னாலும். நான் பொடிசின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.


செப்டம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் கீழே வந்தாள், வழக்கம்போல டப்பாவோடு. ஒரு தாளை எடுத்து மூலையை நனைத்து, சுருளும்வரை காத்திருந்து காட்டினேன். நெடுக்கு இது, குறுக்கு இது. நெடுக்கோடு ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு. ஒன்று கத்தி, ஒன்று வெடிப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ நான் ரெண்டு மாசமா சும்மா நக்கிட்டிருந்தேனா? தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவகூட இத்தன நக்கியிருக்க மாட்டா."

நானும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். சிரிக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"பாத்துட்டே இருந்தீங்களா?"

"ம்."

"அந்தத் தங்கப்பூ பாவாடைக்கு நான் அழுதப்பவும்?"

"ம்."

"ஏன்க்கா?"

எத்தனையோ வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான். "வயித்தெரிச்சல்."

பொடிசு அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெதுவாக விடுவித்து என் பக்கம் நகர்த்தினாள். டப்பாவைத் திறந்தாள். என் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணினாள், வாய்விட்டு, பதினெட்டுவரை. "சரியா இருக்கு. இல்லன்னா தூங்க மாட்டீங்க" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

கோபத்திலும் எனக்காக எண்ணிவிட்டுப் போயிருக்கிறாள். அறைந்திருந்தால் தேவலை.


செப்டம்பர் 17, செவ்வாய்

வரவில்லை. மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது. 24.


செப்டம்பர் 19, வியாழன்

"சண்டையா?" என்றார் இவர்.

"இல்ல."

"அவளுக்கு நீ என்ன பண்ணின?"

"ஏன், நான்தான் பண்ணியிருப்பேனா?"

"அவ பண்ணியிருந்தா நீ இந்நேரம் எங்கிட்ட பத்து தடவ சொல்லியிருப்ப."

இந்த மனுஷன் செய்தி மட்டும்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.


செப்டம்பர் 22, ஞாயிறு

பொடிசு மாடிப்படியின் முதல் படியில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே பார்க்கிறாள். தூக்கி வந்தால் திரும்பப் போகிறாள். மூன்று தடவை தூக்கினேன். நாலாவது தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

போய்க் கதவைத் தட்டலாம். என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அது அழகாகவும் இல்லை.

முன்பு அவள் வந்தால் எரிந்தது. இப்போது அவள் வராமல் எரிகிறது. என்ன ஜென்மம்.


செப்டம்பர் 25, புதன்

வெட்டினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது கத்தரி பிடித்து.

எந்தப் பேட்டர்னும் எடுக்கவில்லை. பிரசவமான முதல் ஆறு மாதம் நான் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்த நைட்டி ஒன்று. முன்னால் ஆறு பட்டன். எந்நேரமும் ஏதாவது ஒன்று மாறிப் போட்டிருக்கும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. இடது தோள் கொஞ்சம் சரிந்தே இருக்கும், அந்தப் பக்கம்தான் குழந்தையைப் போட்டுக்கொள்வேன். தோளில் காய்ந்த பால் கறை, துவைத்தும் போகாதது. அந்த ஆறு மாதத்தில் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன்.

பழுப்புத்தாள்தான். மூலையை நனைத்துப் பார்த்தேன். உடம்பை நெடுக்கில் வெட்டினேன், நிற்கட்டும் என்று. விளிம்பையும் இடது தோளையும் தெரிந்தே குறுக்கே வெட்டி ஒட்டினேன். ஸ்கேல் எடுக்கவில்லை. ஒட்டின பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டுத் தோளில் வைத்தேன். மெதுவாகச் சரிந்தது. விளிம்பு ஒரு பக்கம் மடங்கி ஏறியது, உட்கார்ந்து எழுந்த நைட்டியில் இருக்குமே, அதேபோல. தண்ணீர் பட்ட இடம் காய்ந்ததும் கறையாக நின்றது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் களைத்துப் போயிருக்கிறாள். அவளைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்த ஆறு மாதம் ஒரு தடவைகூட வராத அழுகை.

24. சரி.


அக்டோபர் 1, செவ்வாய்

மத்தியானம் படியில் காலடிச் சத்தம். பொடிசுக்கு முன்னால் எனக்குக் கேட்டுவிட்டது.

மாடிக்காரி. ஒரு கையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த அட்டைப்பெட்டி, இன்னொரு கையில் குண்டூசி டப்பா. வாசலிலேயே நின்று ஒப்பித்தாள், மேலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவள் மாதிரி: "சமாதானம் பேச வரல. கோவம் இன்னும் இருக்கு. நாப்பது மடிப்புப் பாவாடை கத்துக்க வந்தேன். இந்தத் தடவ முழுசா சொல்லிக்குடுக்கணும்."

"வா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மேஜையில் பெட்டியை வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். நைட்டி அங்கே இருந்தது. குனிந்தாள். தொடவில்லை. சுற்றி வந்து பின்பக்கத்தையும் பார்த்தாள். பட்டனை எண்ணினாள் போலிருக்கிறது, உதடு அசைந்தது. இது யாரோடது என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் பொடிசுக்கு ஒரு கிண்ணம் சாதம் ஊட்டி முடிக்கிறவரை.

"இத எனக்குக் காட்டாம இருந்திருக்கலாம்க்கா."

"ஏன்?"

"வயித்தெரிச்சலா இருக்கு."

முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள். கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்பு ஏறியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு. எனக்குள் இருந்து என்னமோ ஒன்று இறங்கிப் போனது. இதற்காகச் சந்தோஷப்படலாமா? பட்டேன்.

"உக்காரு" என்றேன். "மொதல்ல மூலைய நக்கு. நக்கிட்டு, அவசரப்படாம பாரு."


அக்டோபர் 8, செவ்வாய்

நாற்பது மடிப்பும் விழுந்தது. அவள் முப்பத்தொன்று, அவள் கை வலிக்கிறது என்றதும் நான் ஒன்பது. விளிம்பை மட்டும் குறுக்கே வெட்டலாமா என்று சண்டை. வெட்டினோம்.

முடித்துவிட்டு இரண்டு பேர் குண்டூசியையும் சேர்த்து எண்ணினால் நாற்பத்தொன்றுதான் இருந்தது. காந்தம், மேஜையடி, பாய், பொடிசின் வாய். மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.

மாடிக்காரி பாவாடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "உங்க இடது தோள்ல பாருங்க."

42. சரி.